வீட்டுக்கு வந்த தேரை: அடையாளம் காண்பது முதல் திரும்ப விடுவது வரை

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் தமிழ்நாட்டில் தேரைக்குப் பஞ்சமில்லை. தெருவிளக்கின் அடியில், மாடிப்படிக்குக் கீழே, வாசலில் கழற்றிவிட்ட ஷூவுக்குள் என்று எங்கும் உட்கார்ந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் வீட்டுப் பையன் ஒன்றை டப்பாவில் பிடித்துவந்து ‘வளர்க்கலாமா?’ என்று கேட்பான். இல்லையென்றால் பூனையின் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்கியிருப்போம். சம்ப்பில் விழுந்து ஏற முடியாமல் தவித்த ஒன்றை வாளியில் மொண்டு எடுத்திருப்போம். எடுத்தாயிற்று, இனி என்ன செய்வது என்று விழிப்பவர்களுக்காகத்தான் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேரை கொஞ்சி விளையாடும் பிராணி அல்ல. மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தால் அதற்குச் சுகமும் இல்லை, நமக்கும் நல்லதில்லை. ஈரம், இருட்டு, உயிருள்ள பூச்சி, தொந்தரவில்லாத தனிமை ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

கையில் எடுக்கும் முன்

தேரையைத் தொட்டால் மரு வரும் என்று சொல்வார்கள். வராது. மனிதர்களுக்கு மரு வருவது ஒரு வைரஸால்; தேரையின் முதுகில் இருப்பவை தோல் சுரப்பிகள். இரண்டுக்கும் தொடர்பில்லை. தேரை மேலே விழுந்தால் குழந்தை மெலிந்துபோகும் என்பதும் அதே வகைதான்; குழந்தை மெலிந்தால் பார்க்க வேண்டியவர் மருத்துவர். ‘தேரை மோந்த தேங்காய்’ கூட மகரந்தச் சேர்க்கைக் கோளாறோ சத்துக்குறைவோ செய்த வேலை. பாவம், பழி மட்டும் தேரைக்கு.

ஆனால் விஷம் உண்மை. கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் புடைத்திருக்கும் பெரிய சுரப்பிகளிலிருந்தும், முதுகுக் கொப்புளங்களிலிருந்தும் பால் நிறத்தில் ஒரு பிசின் கசியும். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய பொருள்கள் அதில் இருக்கின்றன. இந்தத் தேரையைச் சமைத்துத் தின்று மனிதர்கள் இறந்ததுண்டு. காயமில்லாத கையில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கண்ணில், வாயில், வெட்டுக்காயத்தில் பட்டால் எரியும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தேரையைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் அதன் தோலில் இருக்கலாம் என்பதால், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும், எச்சில் ஒழுகும், தலையை உதறிக்கொள்ளும். தண்ணீர் தொண்டைக்குள் போய்விடாதபடி தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்து, வாயைக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டி நாய் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம்.

நம் கையாலும் தேரைக்கு ஆபத்து உண்டு. அதன் தோல், தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடும் தோல். கையிலிருக்கும் உப்பு, சோப்பு, ஹேண்ட் சானிடைசர், கொசு விரட்டிக் களிம்பு எல்லாம் அதன் வழியே உடம்புக்குள் போய்விடும். ஆகவே எடுப்பதற்கு முன் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கையை நன்றாக அலசி, ஈரக் கையோடு எடுக்க வேண்டும். முன்கால்களுக்குப் பின்னால் இரு பக்கமும் மென்மையாகப் பிடித்து, அடிவயிற்றை உள்ளங்கையால் தாங்குங்கள். பெரும்பாலும் அப்போதே சிறுநீர் கழித்துவிடும். பயத்தில் செய்வதுதான், சேமித்துவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டது என்பதால் கீழே விட்டதும் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். சிலர் தேரையை விரட்ட உப்பை அள்ளி வீசுவார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை. உப்பு அதன் உடம்பிலுள்ள நீரைத் தோல் வழியே உறிஞ்சிவிடும். உப்போ ஃபினாயிலோ பட்ட தேரை கைக்கு வந்தால், முதல் வேலை சுத்தமான தண்ணீரில் பலமுறை அலசிவிடுவதுதான்.

இது தேரைதானா?

நம் வீட்டைச் சுற்றி வருபவற்றில் பத்துக்கு ஒன்பது, ஆங்கிலத்தில் ஏசியன் காமன் டோட் என்று சொல்லப்படும் சாதாரணத் தேரை. அறிவியல் பெயர் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். ஊர்ப்பக்கம் சொறித்தவளை என்றால் எல்லோருக்கும் தெரியும். பாகிஸ்தான் தொடங்கி இலங்கை, தென்கிழக்கு ஆசியா, தென்சீனம் வரை பரவியிருக்கும் இனம் இது.

அடையாளம் காணத் தலையைப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து கண்ணை நோக்கி ஒரு எலும்பு மேடு ஓடும். அது கண்ணின் மேற்பக்கம் வளைந்து, பின்பக்கம் இறங்கி, செவிப்பறைக்கு மேலே முடியும். அந்த மேடு முழுவதும் கன்னங்கரேல் என்று, கண்ணுக்கு மை எழுதியது போலத் தெளிவாகத் தெரியும். உதட்டோரத்திலும் அந்தக் கறுப்புக்கோடு உண்டு. கண்ணுக்குப் பின்னால் வட்டமான செவிப்பறை; அதற்குப் பின்னால் நீள்வட்டமாகப் புடைத்த பெரிய விஷச் சுரப்பி. முதுகு நெடுகச் சிறிதும் பெரிதுமாகக் கொப்புளங்கள், பலவற்றின் நுனியில் கறுப்பு முள். விரல் நுனிகளும் கறுத்திருக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: சாம்பல், மண்பழுப்பு, செம்மண் நிறம், ஏறக்குறைய கறுப்பு என்று ஆளுக்கு ஒரு நிறம். ஒரே தேரை பகலில் ஒரு நிறமாகவும் இரவில் வேறொன்றாகவும் தெரியும்.

ஆணா பெண்ணா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மேலே சொன்னபடி பக்கவாட்டில் பிடித்தால் ஆண் ‘கிர், கிர்’ என்று முணுமுணுக்கும். இன்னோர் ஆண் தவறுதலாகத் தன்மேல் ஏறிக்கொண்டால் ‘நான் ஆண், விடு’ என்று சொல்லும் குரல் அது. பெண் பொதுவாகச் சத்தம் போடாது, உருவத்திலும் பெரிது. மழைக்காலத்தில் ஆணின் தொண்டை மஞ்சள் பூத்திருக்கும், முன்கால் உள்விரல்களில் சொரசொரப்பான கறுப்புத் திட்டு இருக்கும். இரவில் குட்டை ஓரத்தில் மூச்சு விடாமல் ‘குர்ர்ர்’ என்று இழுப்பவை ஆண்கள்தான்.

இனி, தேரை என்று தவறாக நினைத்துவிடக் கூடியவை. கொழுத்த உடம்பு, ஆனால் முதுகில் நீளவாக்கில் தோல் மடிப்புகள், பின்கால் விரல்களுக்கிடையே முழுச் சவ்வு, தொட்டதும் ஒரே பாய்ச்சல் என்றால் அது மாட்டுத்தவளை என்கிற இந்தியப் பெருந்தவளை. தேரை அப்படிப் பாயாது. குட்டையான கால்களால் தத்தித் தத்திப் போகும், சமயத்தில் நடக்கவே செய்யும். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து, விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள் இருந்தால் மரத்தவளை. பூந்தொட்டி மண்ணைக் கிளறும்போது உருண்டையாக, வழவழப்பாக, முதுகில் செங்கல் நிறக் கோலங்களோடு வெளிப்படுவது சித்திரத்தவளை. வளை தோண்டும் தவளை ஒன்றும் இருக்கிறது. பருத்த உடம்பைப் பார்த்தால் தேரை என்றே சொல்லத் தோன்றும். ஆனால் கண்ணுக்குப் பின்னால் விஷச் சுரப்பி இருக்காது, பின்னங்காலில் மண்ணைத் தள்ளுவதற்கு ஒரு கெட்டியான மேடு இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. மரத்தவளைக்கு ஏற இடம் வேண்டும், பெருந்தவளைக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். ஆகவே அடையாளம் உறுதியாகும்வரை பெட்டி வாங்கப் போகாதீர்கள்.

தேரைகளிலும் வேறு இனங்கள் உண்டு. சமவெளியில் உள்ள ஒரு குட்டித் தேரை முழு வளர்ச்சியிலும் நான்கைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். அதைச் சாதாரணத் தேரையின் குட்டி என்று நினைத்துவிடுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில், விரல் நுனியில் தட்டுகளோடு மரத்தில் வாழும் தேரைகூட இருக்கிறது. கொடைக்கானல், வால்பாறை என்று சுற்றுலா போன இடத்தில் கண்டதைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு வருவது மட்டும் கூடவே கூடாது. உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் அங்கே ஏராளம். பிடிப்பவருக்கு அது தெரியாது.

வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 2022இல் திருத்தப்பட்டு, புதிய பட்டியல்கள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. தவளை இனங்கள் பலவும் சட்டத்தின் பார்வைக்குள் வருபவை. அதனால் பிடித்த உயிரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நினைத்தால் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் உள்ளூர்த் தவளையைப் பிடித்து வைப்பதற்கு அனுமதி வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நல்ல நிலையில் தோட்டத்தில் திரியும் வளர்ந்த தேரையைப் பிடித்து அடைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. காயம்பட்டது, உப்பு பட்டது, கிணற்றிலிருந்து எடுத்தது, கோடையில் காய்ந்து சுருங்கிக் கிடந்தது போன்றவற்றைச் சில நாட்கள் வைத்துத் தேற்றி விடுவது வேறு. கீழே சொல்வதெல்லாம் அந்தச் சில நாட்களுக்கும் பொருந்தும், அனுமதியோடு நீண்டகாலம் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

இருப்பிடம்

கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள, மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி ஒரு தேரைக்குப் போதும். மூடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் போடுங்கள். துளையின் கூர்மையான விளிம்பு உள்பக்கம் இருக்கக் கூடாது. சுவர்களில் கம்பி வலை வேண்டாம். தேரை முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். மூடி தளர்ந்திருந்தால் காலையில் பெட்டி காலியாக இருக்கும். இவ்வளவு மந்தமான பிராணி எப்படி ஏறிப்போனது என்று வியக்க வேண்டியதுதான்.

அடியில் நாலு விரற்கடை உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவு பரப்புங்கள். கடையில் கட்டியாக விற்கும் கோகோபீட்டில் உப்பு அதிகம் இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே போட வேண்டும். தோட்டத்து மண் போடலாம், உரமும் பூச்சிமருந்தும் படாததாக இருந்தால். மண்புழு உரம் கலந்த நர்சரி மண், வேப்பம்புண்ணாக்கு போட்ட மண், ஆற்றுமணல், கூழாங்கல் எல்லாம் வேண்டாம். சிறு கற்களை இரையோடு விழுங்கிவிடும் அபாயம் உண்டு. மேலே காய்ந்த நாட்டு வாதாம் இலைகளைப் பரப்பினால் நன்றாக இருக்கும். கையால் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் கையில் ஈரம் ஒட்ட வேண்டும்; அதுதான் அளவு. ஒரு பக்கம் சற்று ஈரமாகவும் மறுபக்கம் சற்று உலர்ந்தும் இருந்தால் தேரை தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும்.

ஒளிய இடம் கட்டாயம். உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே அதற்கு அரண்மனை. பகல் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும், அல்லது பின்கால்களால் மண்ணைத் தள்ளிக்கொண்டு பின்புறமாக இறங்கிக் கண் மட்டும் வெளியே தெரியப் புதைந்திருக்கும். ‘எப்போது பார்த்தாலும் தெரியவே மாட்டேன் என்கிறது’ என்று தோண்டி எடுத்துப் பார்க்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல், மங்கிய வெளிச்சத்தில் பாருங்கள்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. நம் ஊரில் பிரச்சினை குளிர் அல்ல, கோடை. பெட்டியை ஜன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் அரை மணி நேரத்தில் உயிர் போய்விடும். தரைத்தளத்தில், காற்றோட்டமான இருட்டு மூலையில் வைத்து, வெயில் நாட்களில் மூடியின் ஒரு பாதிமேல் ஈரச்சாக்கு போடுங்கள். ஏசி காற்று நேராக அடித்தால் தோல் வறண்டுவிடும். கொசுவர்த்திச் சுருள், கொசு விரட்டும் திரவக் கருவி, பூச்சி ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. கொசுவைக் கொல்ல வைத்தது தேரையையும் விட்டுவைக்காது.

தண்ணீர்

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் குடிநீர்ப் பாத்திரமும் குளியல் தொட்டியும் அதற்கு ஒன்றுதான். அகலமான மண் தட்டு ஒன்றில், உட்கார்ந்தால் தோள் மட்டத்துக்கு மேல் வராத அளவு தண்ணீர் ஊற்றுங்கள். தேரை சுமாராகத்தான் நீந்தும். வழவழப்பான ஆழமான பாத்திரத்தில் விழுந்து ஏற முடியாமல் களைத்து மூழ்கிப்போகும்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கூரையில் விழும் முதல் மழையைத் தள்ளிவிட்டுப் பிடியுங்கள். உப்பு கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் அநேகமாக இல்லாததால் தினமும் அதை மட்டுமே பயன்படுத்துவதும் சரியில்லை. அந்தத் தட்டிலேயே மலமும் கழிக்கும் என்பதால் தினமும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

இரை

இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். சோறு, பிஸ்கட், பால், அவித்த முட்டை எதையும் தேரை தின்னாது. அதன் கண்ணுக்கு அசையாத பொருள் உணவே அல்ல. ஐரோப்பியத் தேரைகளை வைத்து இதை விரிவாகச் சோதித்திருக்கிறார்கள்: ஒரு சிறு கறுப்புப் பட்டையை அதன் நீளவாக்கில் நகர்த்தினால் தேரை அதைப் புழு என்று பாய்ந்து கவ்வப் பார்க்கும், அதே பட்டையை நிமிர்த்திவைத்து நகர்த்தினால் கண்டுகொள்ளாது, சில சமயம் பின்வாங்கும். ஆக, மண்புழு ஊர்ந்தால் உணவு; சுருண்டு கிடந்தால் அது மண்ணோடு மண்.

இரை தேடும் தேரையைக் கிட்டத்தில் பார்ப்பது ஒரு காட்சி. ஒரு சுவர்க்கோழி ஓரமாக நகர்ந்தால் முதலில் தலை மட்டும் திரும்பும். பிறகு உடம்பு. ஓர் அடி முன்வைத்து, முன்கால்களை ஊன்றி, குனிந்து உற்றுப் பார்க்கும். அப்போது பின்காலின் நீண்ட விரலைக் கவனியுங்கள்: உடம்பு அசையாமல் இருக்க, அந்த விரல் மட்டும் துடிதுடிக்கும். அடுத்த கணம் பூச்சியைக் காணோம். நாக்கு போய்வந்தது கண்ணுக்குத் தெரியாது. பல்லே இல்லாத வாய் என்பதால் முழுசாக விழுங்க வேண்டும். விழுங்கும்போது இரண்டு கண்களும் உள்ளே அமுங்கும். கண்விழிகளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளிவிடுகின்றன. வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலை முன்கையால் உள்ளே திணித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துவிடும்.

என்ன கொடுக்கலாம்? சுவர்க்கோழி, சின்ன வெட்டுக்கிளி, கரையான், ஈசல், மண்புழு. மழைக்கால மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டும்போது ஒரு வாரத் தீனி இலவசம், ஆனால் அதையே தினமும் கொடுக்க வேண்டாம். நகரத்தில் இருப்பவர்கள் வண்ண மீன் கடைகளில் அரோவானா மீனுக்காக விற்கும் சூப்பர் வோர்ம் வாங்கலாம். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். கொழுப்பு அதிகம் என்பதால் அதை இடையிடையே மட்டும் கொடுப்பது நல்லது. வீட்டுக் கரப்பான்பூச்சி வேண்டாம். யார் வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. மின்மினிப்பூச்சி, மயிர்க்கம்பளிப்புழு, தேள், பெரிய பூரான் இவற்றையும் ஒதுக்குங்கள்.

இரையின் அளவு தேரையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்ட வேண்டாம். வளர்ந்த தேரைக்கு வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொரு முறையும் நாலைந்து பூச்சிகள். குட்டிக்குத் தினமும் சிறிய பூச்சிகள். தின்னாமல் மீந்ததை அன்றே எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி தூங்கும் தேரையைக் கடித்துப் புண்ணாக்கும்.

நீண்டகாலம் வைத்திருப்பவர்கள் கால்சியத்தை மறக்கக் கூடாது. கடைப்பூச்சிகளில் அது குறைவு. தொடர்ந்து அவற்றையே தின்னும் தேரைக்கு எலும்பு மெலிந்து, தாடை தொங்கி, கால் வளைந்துவிடும். பூச்சிகளுக்கு முந்தின நாளே கேரட், கீரை தின்னக் கொடுத்து, கொடுக்கும் சமயத்தில் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில் புரட்டி எடுங்கள். ஊர்வனவற்றுக்கு என்று விற்கும் பொடி இதற்குச் சரி.

பயந்துவிட வேண்டாம்

புதிதாகப் பிடிபட்ட தேரை நாலைந்து நாள் எதையும் தொடாமல் இருப்பது வழக்கம். அந்த நாட்களில் பெட்டியைத் துணியால் மூடி, தண்ணீர் மாற்றுவதைத் தவிர எட்டிப்பார்க்காமல் இருப்பதே சிறந்த வைத்தியம். பக்கத்தில் போனதும் பந்தாக ஊதிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றால், பாம்புக்குக் காட்டும் மிரட்டலை உங்களுக்குக் காட்டுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றைப் பார்த்துப் பலர் ‘வலிப்பு வந்துவிட்டது’ என்று பதறுவார்கள். தேரை முதுகை வளைத்து, வாயைத் திறந்து திறந்து மூடி, கால்களால் உடம்பை வழித்துக்கொண்டிருக்கும். நோய் அல்ல, தோல் உரிக்கிறது. முதுகின் நடுவில் பிரியும் மெல்லிய தோலைச் சட்டை கழற்றுவது போலத் தலைப்பக்கமாக இழுத்து, கடைசியில் அதையே விழுங்கிவிடும். முடிந்ததும் புதுத்தோல் பளபளவென்று ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் தொடக் கூடாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை வேறு. மல்லாத்தினால் தானாகப் புரள முடியாமை, ஒரு வாரத்துக்கு மேல் பட்டினி, உடம்பு வற்றி இடுப்பெலும்பு தெரிவது, வயிறு தண்ணீர் கோத்தது போல் வீங்குவது, வாயைத் திறந்தே மூச்சு விடுவது, கண் மங்கிப் படலம் படர்வது, அடிவயிறும் தொடையும் சிவந்து இரத்தம் கட்டியிருப்பது. கடைசியாகச் சொன்னது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், தாமதம் கூடாது. காட்டில் பிடித்த தேரையின் குடலிலும் நுரையீரலிலும் புழுக்கள் இருப்பது சாதாரணம். அடைத்துவைத்த மன அழுத்தத்தில் அவை பெருகி நோயாக மாறும். நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தைக் கால்வாசி உடைத்துக் கொடுப்பது போன்ற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். எல்லாக் கால்நடை மருத்துவரும் தவளை பார்ப்பதில்லை. முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு, தேரை இன்னும் நலமாக இருக்கும்போதே ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வேறு இடத்தில் பிடித்த இரண்டு தேரைகளை ஒரே பெட்டியில் போடாதீர்கள். தவளையினத்தை உலகெங்கும் அழித்துவரும் கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் வழியே பரவும். பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்பது அதைவிட எளிய காரணம்.

குழந்தைகள் குட்டையிலிருந்து கறுப்புத் தலைப்பிரட்டைகளை மொண்டு வந்திருந்தால், இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்றே திரும்ப விடச் சொல்லுங்கள். வேகவைத்த கீரை சிறிது போதும். முன்கால் முளைத்ததும் ஏறி உட்காரக் கல் வேண்டும். வெளிவரும் குட்டித் தேரை சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், அதற்கேற்ற நுண்பூச்சிகளை நம்மால் வீட்டில் கொடுத்துக் கட்டாது. வால் சுருங்கியதும் எடுத்த குட்டை ஓரத்திலேயே விட்டுவிடுங்கள்.

திரும்ப விடுவது

தேறிய தேரையை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். ‘பாவம், ஏரிக்கரையில் சுகமாக இருக்கும்’ என்று பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவது அதற்கும் நல்லதல்ல, அங்கே இருப்பவற்றுக்கும் நல்லதல்ல. பழகிய பொந்து, பழகிய தெருவிளக்கு, பழகிய குட்டை எல்லாம் இங்கேதான். இடம் மாறிய தேரை என்ன செய்யும் என்பதற்கு மடகாஸ்கர் சாட்சி. நம் வீட்டு வாசலில் இருக்கும் இதே இனம் அங்கே தொவமசீனா துறைமுக நகரத்தில் 2014இல் கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து கப்பல் சரக்கோடு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். இங்கே நல்லபாம்பும் சாரையும் தேரையைத் தின்று செரித்துவிடும். தேரையே இல்லாமல் பழகிய மடகாஸ்கர் உயிரினங்களுக்கு அதன் விஷம் புதிது. அதனால் வெளியூரில் வாங்கியதோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாததோ இருந்தால், அதை எங்கும் விடாமல் வன அலுவலகத்தைக் கேளுங்கள்.

விடும் நேரம் மாலை இருட்டிய பிறகு. மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. கோடை நண்பகலில் விடாதீர்கள். பெட்டியைச் செடி அடியில் சாய்த்துவைத்து, அதுவாக வெளியேற விடுங்கள். பிறகு பெட்டியையும் தட்டையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, பலமுறை அலசி, வெயிலில் காயவையுங்கள்.

அதன்பின் தேரை தோட்டத்திலேயே இருக்க வேண்டுமென்றால் பெட்டிகூடத் தேவையில்லை. நிழலான மூலையில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு கை நுழையும் அளவு உடைத்துவிடுங்கள். பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர், தினமும் மாற்றியது. செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தால் தேரைக்குத் தீனியும் இல்லை, உயிரும் இல்லை. தேரை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரக்கூடும் என்பதால் சட்டியை வாசற்படியிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், அதைக் கையால் தூக்கும் முன் குச்சியால் தட்டுங்கள். சம்ப்பின் மூடியில் இடைவெளி இருந்தால் வலை அடியுங்கள். திறந்த கிணறோ தொட்டியோ இருந்தால் உள்ளே ஒரு சொரசொரப்பான பலகையைத் தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்பு வரை சாய்த்துக் கட்டிவிடுங்கள். விழுந்தது தானே ஏறி வந்துவிடும், நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.